குளிர்மூச்சார் ஊதிய மடிக்கணினி

காலை ஏழு மணிக்கெல்லாம் மாடிப்படி நிரம்பிவிட்டது. படிக்கு இரண்டு பேர். ஒவ்வொருவர் மடியிலும் துணி போர்த்திய ஒரு மடிக்கணினி. காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியரிடம் தூக்கி வந்தவர்களைப் போல, துணியை விலக்கிப் பார்ப்பதும், புறங்கையால் சூடு பார்ப்பதும், பெருமூச்சு விடுவதுமாக உட்கார்ந்திருந்தார்கள். கீழே இருந்த மரச்சாமான் கடை என்றைக்கோ மூடி, பூட்டுத் துருப்பிடித்துக் கிடந்தது. மேலே, அந்தக் கடையின் பழைய காட்சிக் கூடத்தில், குளிர்மூச்சார் எழுந்தருளியிருந்தார்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், "அவன் செத்துப் பல வருஷம் ஆச்சு" என்பார். எந்த ஊர்க் காவல் நிலையத்தில் அப்படிச் சொல்லிப் பழகினாரோ தெரியாது.

வாசலில் பலகை தொங்கியது. "சிடி போட்டால் சூடாகிறதா? விசிறி அலறுகிறதா? பிராசசர் நூறைத் தொடுகிறதா? அது பழுது அல்ல. பேய்ப்பிடிப்பு!"

பிராசசர் என்பது கணினியின் மூளை. அது எவ்வளவு உழைக்கிறது என்பதைத் திரையில் ஒரு பச்சைக் கோடு சதவீதமாகக் காட்டும். சும்மா இருக்கும்போது கோடு தரையில் படுத்திருக்கும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. கோடு ஏன் ஏறுகிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்வதற்குப் பதிலாகத்தான் மாடிப்படி இருந்ததே.

ஒன்பதாவது படியில் கமா உட்கார்ந்திருந்தாள். அவளை அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். விசாரணைகளில் பேசியவர்களின் குரல் சிடியில் பதிவாகி வரும். அதைக் கேட்டு வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. பேசுகிறவர் மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு கமா போட்டுவிடுவாள். மேற்பார்வையாளர் ஒருநாள், "இந்தப் பக்கத்துல எழுத்தைவிடக் கமா ஜாஸ்திம்மா" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் மறுக்கவில்லை. எதையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவள். ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கி விரலில் இறக்கும் வேலை பார்த்துப் பார்த்து, அவள் சொந்தக் குரல் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

அவள் இங்கே வருவது இது மூன்றாம் முறை. வீட்டில் பன்னிரண்டு சிடி இருந்தது. ஒரு தொழிற்சாலையில் கூரை இடிந்த விபத்து பற்றிய விசாரணை. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அத்தனையும் தட்டச்சாகிப் போய்ச் சேர வேண்டும். இன்று செவ்வாய். ஏழுதான் முடிந்திருந்தது. சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி அவளுக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது. படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பக்கத்து வீட்டில் ஒரு காலைப்பொழுது பார்த்துக்கொள்வார்களே தவிர, நாள் முழுக்க விட்டு அவளால் நகர முடியாது. கணவன் லாரியோடு வாரத்தில் ஐந்து நாள் வெளியூர். வேலை போனால் இன்னொன்று தேடி வெளியே போகவும் வழியில்லை.

மூன்று வாரம் முன்பு, நான்காம் சிடியில் கைரேகை படிந்து, ஒரே இடத்தில் குரல் திக்கியது. அன்று தொடங்கியது வினை. சிடி போட்டாலே பச்சைக் கோடு நூறுக்கு ஏறும். விசிறி இரையும். சாட்சி சொல்லும் ஆள் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல விட்டு விட்டுப் பேசுவார். சிடியைக் கணினிக்குள் நகல் எடுத்துக் கேட்கலாம் என்றால், அலுவலக விதி குறுக்கே நின்றது: பதிவை நகலெடுக்கக் கூடாது, தட்டிலிருந்தே கேட்க வேண்டும், கேட்டதும் திருப்பித் தர வேண்டும்.

"உனக்கு எத்தனாவது தடவை?" என்றார் பக்கத்தில் இருந்த ஓட்டுநர் பள்ளிக்காரர். சாலை விதிப் பாடத்தைச் சிடியில் போட்டுக் காட்டுகிறவர்.

"மூணாவது."

"மூணாவதா? அப்ப இன்னிக்கு முடிஞ்சிடும்." ஆறுதல் மாதிரிதான் சொன்னார்.

பத்து மணிக்குக் கூடம் திறந்தது. உள்ளே குளிர்மூச்சாரின் மேலாளர் நின்றார். கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். பேயோட்டும் இடத்தில் கழுத்துப்பட்டை எதற்கு என்று கேட்டால், அதுதான் நம்பிக்கை. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய திரை. அதன் எதிரே வெள்ளை மெத்தையில் குளிர்மூச்சார். மெலிந்த உடம்பு, குவிந்த உதடு. எப்போதும் விசிலடிக்கத் தயாராக இருக்கும் முகம்.

முதலில் ஓட்டுநர் பள்ளிக்காரரின் முறை. மேலாளர் அவருடைய மடிக்கணினியைப் பெரிய திரையோடு இணைத்தார். பச்சைக் கோடு எல்லோருக்கும் தெரிந்தது. சிடி உள்ளே போனது. கோடு முப்பது, எழுபது, நூறு என்று ஏறிக் கூரையில் ஒட்டிக்கொண்டது. கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது.

"ஏறிட்டான்," என்றார் குளிர்மூச்சார். "சுத்துற பொருளுக்குள்ள காத்து நுழையும். காத்தோட என்ன நுழையும்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?"

"ஐயா, ஃபேனும் சுத்துதே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஃபேனுக்கு மூடி இருக்கா? மூடி போட்ட பொருள்ல மாட்டினதுதான் வெளிய வராது."

கூட்டம் தலையாட்டியது. ஃபேனுக்கு மூடி இல்லை என்பது உண்மைதானே. ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்கும் பொய்யையும் உள்ளே விட்டுவிடுவது அந்தக் கூட்டத்தின் பெருந்தன்மை.

குளிர்மூச்சார் கையை நீட்டினார். மேலாளர் சிடியை வெளியே எடுத்து, ஒரு செம்புத் தட்டில் வைத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "முகம் பாக்கறேன்" என்று அதை உற்றுப் பார்த்தார். கண்ணை மூடினார். மடிக்கணினியின் மேல் குனிந்து, நீளமாக, மெதுவாக, மூன்று முறை ஊதினார்.

கோடு இறங்கியது. தொண்ணூறு. அறுபது. இருபது. மூன்று.

கைதட்டல் கூடத்தை உலுக்கியது. ஓட்டுநர் பள்ளிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செம்புத் தட்டில் சிடி பளபளத்தது. எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முத்திரை. எலுமிச்சை வில்லை அளவில், பித்தளை நிறத்தில், தடித்த ஒரு ஸ்டிக்கர். சிடியின் மேல்பக்கத்தில் ஒரு ஓரமாக ஒன்று. மடிக்கணினி மூடியின் மேல் ஒன்று. "மூணு நாள் சிடி போடாதீங்க," என்றார் மேலாளர். "திரும்ப வந்தா உங்க மனசுல சந்தேகம் இருக்குன்னு அர்த்தம்."

முதல் முறை கமாவுக்கும் இதே சடங்குதான். சந்தோஷத்தில் அவள் எதிர்வீட்டு டியூஷன் டீச்சரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். டீச்சரின் கணினிக்கும் அதே கோளாறு. இரண்டாம் முறை வந்தபோது குளிர்மூச்சார் கமாவிடம், "சந்தேகப்பட்டியா?" என்று கேட்டார். அவள் நன்றாக யோசித்துப் பார்த்தாள். ஒருநாள் குளிக்கும்போது லேசாகப் பட்டிருக்கலாம் என்று தோன்றியது. தலையாட்டினாள்.

இப்போது மூன்றாம் முறை. குளிர்மூச்சார் அவள் கணினியின் மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டுவிட்டது போலச் சட்டென்று எடுத்தார்.

"இது வேணாம்மா உனக்கு."

"ஐயா?"

"உள்ள இருக்கறது ஒண்ணு இல்ல, ஏழு. செத்தவங்க குரலைக் கேட்டியா?"

கமா கேட்டிருந்தாள். சிடியில் பேசிய கூலியாள் ஒருவர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதைப் போன முறை வரிசையில் யாரிடமோ அவளேதான் சொல்லியிருந்தாள். மேலாளர் அப்போது பின்னாலேயே நின்று டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். அது அவள் நினைவுக்கு வரவில்லை.

"நாளைக்குள்ள இங்க கொண்டுவந்து ஒப்படைச்சிடு. நாப்பது நாள் வெச்சு அடக்கணும். அடங்கினா உன் அதிர்ஷ்டம். இல்லன்னா ஆவியோட லேப்டாப்பும் கரைஞ்சு போயிடும்."

"வேலைங்கய்யா... வியாழக்கிழமை..."

"வேலை பெருசா, வீட்ல படுத்திருக்கற உயிர் பெருசா?"

மாமனார் படுத்திருப்பதும் வரிசையில் சொன்னதுதான்.

அன்று மாலை கமாவின் நாத்தனார் வந்தாள். கணவனின் தங்கை, கமாவை விட ஒரு வயது சிறியவள். வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். வாரத்தில் இரண்டு நாள் அப்பாவைக் குளிப்பாட்ட வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"என்ன அண்ணி, மெஷின் வாங்கிட்டீங்களா? உள்ள டிரம் ஆடுதே."

"நம்ம வீட்ல ஏது வாஷிங் மெஷின்?"

"அப்ப அந்தச் சத்தம்?"

கமா முன்னறையில் கடைசி முயற்சியாக ஐந்தாம் சிடியின் ஒரு வரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கணினி மேசையோடு சேர்ந்து தடதடத்தது. நாத்தனார் குனிந்து காதை வைத்தாள். பொத்தானை அமுக்கிச் சிடியை வெளியே எடுத்தாள். முத்திரையைப் பார்த்தாள்.

"இதென்ன அப்பளம்?"

கமா சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு ஆவி, நாற்பது நாள், நாளைக்குள் ஒப்படைப்பது. சொல்லச் சொல்ல நாத்தனாரின் முகம் சிரிப்புக்கும் கோபத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தது.

"ஒரு பக்கமா கனத்தை ஒட்டிச் சுத்தவிட்டா ஆடாம என்ன பண்ணும்? ஒரு ஈர ஜமுக்காளத்தை டிரம்முல ஒரு பக்கமா போட்டா மெஷின் சமையல்கட்டு வரைக்கும் நடந்தே போகும். அதுக்கும் ஆவிதானா? அப்ப நான் இருபது வருஷமா ஆவிக்கு ஸ்க்ரூ முடுக்கிட்டு இருக்கேன்."

"முத்திரை ஒட்டறதுக்கு முன்னாடியே வந்ததும்மா இது."

"சரி, ஒட்டாத சிடி ஒண்ணு போடுங்க."

முத்திரை ஒட்டாத எட்டாம் சிடியைப் போட்டாள். தடதடப்பு நின்றது. ஆனால் பச்சைக் கோடு நூறில்தான் நின்றது. விசிறி அலறியது.

"பாத்தியா," என்றாள் கமா. குரல் உடைந்தது. "ஸ்டிக்கர் இல்லாமலும் ஏறுது. அவர் சொன்னது சரிதான். விடும்மா, நாளைக்குக் குடுத்துடறேன்."

நாத்தனார் தாடையைத் தேய்த்தாள். அவளுக்குக் கணினி தெரியாது. தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த மாடிப்படியில் அன்று காலை உட்கார்ந்திருந்த நாற்பது பேரிடமும் இல்லாத படிப்பு அது.

"இது வாங்கும்போது ஒரு புத்தகம் குடுத்திருப்பாங்களே, அது எங்க?"

கமா வெட்கத்தோடு கையைக் காட்டினாள். மேசையின் நான்காவது கால் கொஞ்சம் குட்டை. அதன் அடியில் புத்தகம் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மூன்று வருடமாக அது மேசையைத் தாங்கியது. மேசை கணினியைத் தாங்கியது. கணினி குடும்பத்தைத் தாங்கியது. ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

காலுக்கடியில் மடித்த அட்டை ஒன்றைச் செருகிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் பெட்டி கட்டிப் போட்டிருந்தது: சிடி டிரைவைப் பயன்படுத்தும்போது பிராசசர் சுமை அதிகமானால்.

நாத்தனார் விரல் வைத்துப் படித்தாள். பிறகு தன் மொழியில் சொன்னாள்.

"சாதாரணமா சிடியில இருக்கறதை டிரைவே எடுத்து நேரா நினைவகத்துல ஊத்திடும். குழாய் மாதிரி. பிராசசர் சும்மா மேற்பார்வைதான். சரியா?"

"ம்."

"சிடியைப் படிக்க முடியாம திரும்பத் திரும்பத் தப்பு வந்தா, ஆறு தடவையோ என்னவோ, கணினி இந்தக் குழாயை நம்ப மாட்டேங்குது. அடைச்சிடுது. அப்புறம் பிராசசரே குடம் குடமா சுமந்து ஊத்தணும். அதான் நூறு. அதான் சூடு. சிடியை மாத்தினாலும் அடைச்ச குழாய் தானா திறக்காது."

கமா தன் காலைப் பார்த்தாள். மேசைக்கடியில் கால் மிதி இருந்தது. புரியாத வார்த்தை வந்தால் அதை மிதிப்பாள். குரல் ஐந்து விநாடி பின்னால் போய் மறுபடி சொல்லும். கைரேகை படிந்த நான்காம் சிடியின் அந்த ஒரு வரியை அவள் அன்று முப்பது முறையாவது மிதித்திருப்பாள். அதே அழுக்கு, அதே தப்பு, முப்பது முறை. ஆறுக்கே அடைபடும் குழாய்.

"நான்தாம்மா," என்றாள் மெல்ல. "நான்தான் மிதிச்சு மிதிச்சு..."

"ஏழு ஆவியில ஒண்ணு நீங்கதானா அண்ணி? மீதி ஆறு எங்க?"

புத்தகம் சொன்னபடி சாதனங்களின் பட்டியலைத் திறந்தார்கள். டிரைவ் இணைந்திருந்த வழித்தடத்தின் பக்கத்தில், "மெதுவான முறை" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வழித்தடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, கணினியை மூடித் திறக்கச் சொன்னது புத்தகம். திறந்ததும் கணினி டிரைவைப் புதிதாகப் பார்த்த மாதிரி சேர்த்துக்கொள்ளும். பழைய பகையை மறந்துவிடும்.

கமா நீக்கினாள். கணினி மூடித் திறந்தது. எட்டாம் சிடி சுழன்றது. சாட்சி ஒருவர் தெளிவாக, கமா போட இடம் விட்டு, நிதானமாகப் பேசினார். பச்சைக் கோடு நான்கில் படுத்திருந்தது. விசிறி இருக்கும் இடம் தெரியவில்லை.

கமா அழுதாள். நாத்தனார் அழ விடவில்லை.

"இப்ப அந்த அப்பளம் ஒட்டினதைப் போடுங்க."

"ஐயோ, வேணாம். இப்பதான் சரியாச்சு."

"சரி பண்ணத்தான் தெரிஞ்சுபோச்சே. கெடுத்துப் பாத்தாத்தான் எதனால கெட்டுதுன்னு தெரியும்."

போட்டாள். மேசை தடதடத்தது. குரல் திக்கியது. கமா மிதியை மிதித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நாத்தனார் எண்ணினாள். ஒன்பதாவது மிதியில் பச்சைக் கோடு படி ஏறுவது போல ஏறி நூறில் உட்கார்ந்தது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவர் குடுக்கறது மருந்து இல்ல அண்ணி," என்றாள் நாத்தனார். "வியாதியை அவர்தான் ஒட்டி அனுப்பறார்."

வழித்தடத்தை மறுபடி நீக்கிக் கோட்டை இறக்கினார்கள். பிறகு சமையலறையிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து, ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, மேல்பூச்சு உரியாமல் முத்திரைகளை எடுத்தார்கள். மூடியின் மேலிருந்ததையும் உரித்தார்கள். அங்கே ஒரு வட்டப் பசைத் தடம் மிஞ்சியது. நாத்தனார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள்.

"இந்த வட்டத்தை எங்கயோ பாத்திருக்கேனே... அட. முந்தாநேத்து ஒரு பழைய சாமான் கடையில மெஷின் ரிப்பேருக்குப் போனேன். அலமாரியில வரிசையா ஆறு லேப்டாப். 'புதுசு மாதிரி'ன்னு சீட்டு. ஆறுலயும் மூடி மேல இதே வட்டம். கடைக்காரம்மா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சிட்டு இருந்தாங்க."

கமாவுக்கு நாற்பது நாள் கணக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

"டீச்சர்," என்றாள். "நாளைக்குக் காலையில டீச்சரும் ஒப்படைக்கறாங்க. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னாள். டீச்சர் கதவைப் பாதி திறந்து கேட்டார். அவர் முகத்தில் பயம் ஏறியது. ஆனால் குளிர்மூச்சாரைப் பற்றி அல்ல. "உனக்குள்ள சந்தேகம் பூந்துடுச்சும்மா," என்றார் இரக்கத்தோடு. "என்கிட்ட சொல்லாதே. எனக்கும் ஒட்டிக்கும்." கதவைச் சாத்தினார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவர்.

புதன்கிழமை காலை மாடிப்படியில் ஒரு படிக்கு மூன்று பேர். கமா துணி போர்த்திய கணினியோடு வரிசையில் நின்றாள். பின்னால் நாத்தனார். தோளில் கருவிப் பை. இரவோடு இரவாக இரண்டு சிடி முடித்திருந்தாள், இன்னும் மூன்று வீட்டில் காத்திருந்தது. வந்திருக்கவே வேண்டாம், சரியான கணினி கையில் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து தட்டியிருக்கலாம். ஆனால் நாத்தனாருக்கும் பின்னால் டீச்சர் தன் கணினியைப் பிள்ளையைத் தத்துக் கொடுக்க வந்தவர் மாதிரி அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஒப்படைக்க வந்திருக்கேங்கய்யா," என்றாள் கமா, தன் முறை வந்ததும். துணியை விலக்கவில்லை.

குளிர்மூச்சார் துணியின் மேல் உள்ளங்கையை வைத்தார். துள்ளி எடுத்தார்.

"ஏழு பதினொண்ணாயிடுச்சு. ராத்திரி பூரா உள்ள ஆட்டம் போட்டிருக்கு. கொதிக்குது பாரு. மேலாளரே, உள்ள கொண்டுபோய் அடைச்சு வைங்க."

"ஒரு தடவை பெரிய திரையில பாத்துடலாமேங்கய்யா," என்றாள் நாத்தனார். "பதினொண்ணையும் எல்லாரும் பாக்கட்டும்."

கூட்டம் ஆமோதித்தது. பதினொரு ஆவியை ஓசியில் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? மேலாளர் வேறு வழியின்றி இணைத்தார். கமா துணியை எடுத்து மூடியைத் திறந்தாள். சிடி உள்ளே முன்பே சுழன்றுகொண்டிருந்தது. பெரிய திரையில் பச்சைக் கோடு தெரிந்தது.

நான்கு.

மெத்தையில் ஒரு அசைவு.

"நான் தொட்டேன்ல," என்றார் குளிர்மூச்சார் சுதாரித்துக்கொண்டு. "தொட்டதும் ஓடிட்டான்."

கூட்டம் கைதட்டியது. ஆமாம், கைதட்டியது. கமாவுக்கு ஒரு கணம் எல்லாம் இருண்டுவிட்டது. இப்படியொரு கூட்டத்திடம் என்னத்தைச் சொல்லி, என்னத்தைக் காட்டுவது. நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் கமாவின் தொண்டையில் ஏதோ அசைந்தது.

"அப்ப டீச்சரோடதையும் தொடுங்க," என்றாள்.

அவளிடமிருந்து இந்தக் குரலை அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

டீச்சரின் கணினி இணைக்கப்பட்டது. சிடி போனது. கோடு நூறு. குளிர்மூச்சார் கையை நீட்டினார். மேலாளர் சிடியை எடுக்கப் பொத்தானுக்குப் போனார். கமா அந்தப் பொத்தானின் மேல் தன் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"சிடி உள்ளயே இருக்கட்டும். இப்படியே ஊதுங்கய்யா."

"முகம் பாக்கணும்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

"முகத்தைப் பாத்துட்டுத் திரும்ப உள்ள போட்டுடுங்க. போட்டுட்டு ஊதுங்க. உங்க மூச்சுக்கு அந்தச் சின்னத் தட்டு தடையா?"

"ஊதுங்கய்யா," என்றார், கணினியோடு நன்றி சொல்ல வந்திருந்த ஓட்டுநர் பள்ளிக்காரர், பக்தியோடு. அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது. குளிர்மூச்சாரைக் கவிழ்த்தது அந்த நம்பிக்கைதான்.

ஊதினார். நூறு. இன்னும் நீளமாக ஊதினார். நூறு. மண்டியிட்டு, விசிறித் துளைக்கு நேரே வாயை வைத்து ஊதினார். விசிறி அதைவிடச் சூடான மூச்சைத் திருப்பி அவர் முகத்தில் ஊதியது. நூறு. நெற்றி நரம்பு புடைத்தது. ஏழாவது முறை ஊதியபோது இருமல் வந்தது. மேலாளர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இப்ப நான் ஊதாம பண்றேன்," என்றாள் கமா. கையை எடுத்து, பொத்தானை அமுக்கினாள். சிடி வெளியே வந்தது. கோடு இறங்கியது. தொண்ணூறு. அறுபது. இருபது. மூன்று.

சிடியைத் தள்ளினாள். நூறு. எடுத்தாள். மூன்று. தள்ளினாள். எடுத்தாள். கோடு மேலும் கீழும் போனது. வரிசையில் நின்ற ஒருவர் தன் மடிக்கணினியைத் தரையில் வைத்து, பொத்தானை அமுக்கி, தானே பார்த்தார். பிறகு இன்னொருவர். கூடம் முழுக்கத் தட்டுகள் வெளியே வந்து உள்ளே போயின.

"இத்தனை நாளும் சிடியை எடுத்துட்டுத்தான் ஊதினார்," என்றாள் கமா. "தட்டுல வெச்சு நம்ம கண்ணு முன்னாடியே காட்டினார். நாம திரையைப் பாத்துட்டு இருந்தோம்."

பிறகு டீச்சரின் கணினியில் வழித்தடத்தை நீக்கி, மூடித் திறந்து, முத்திரை ஒட்டாத பாடச் சிடியைப் போட்டாள். கோடு ஐந்தில் நின்றது. டீச்சர் அந்த ஐந்தை நெடுநேரம் பார்த்தார். தோற்ற மாணவனின் விடைத்தாளைப் பார்க்கிற பார்வை.

"ஒப்படைச்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று நாத்தனார் கேட்டாள். நாலைந்து கை உயர்ந்தது. "இங்கிருந்து ரெண்டாவது தெருவுல பழைய சாமான் கடை. மூடி மேல வட்டம் இருக்கும். மண்ணெண்ணெய் வாசனை வரும். உங்க ஆவி அடங்கிடுச்சான்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

அவர்கள் படியில் இறங்கிய வேகத்தில் துருப்பிடித்த பூட்டு அதிர்ந்தது. மேலாளர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். குளிர்மூச்சார் பின்வாசலைத் தேடினார். மரச்சாமான் கடையின் காட்சிக் கூடத்துக்குப் பின்வாசல் கிடையாது. கூட்டம் தன் முத்திரைகளை ஒவ்வொன்றாக உரித்து அவர் மெத்தையிலும், சட்டையிலும், கடைசியில் நெற்றியிலும் ஒட்டியது. காவலர்கள் வந்தபோது பித்தளை நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அன்று உயிரோடு எழுந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் கூட்டத்தின் மேல் மரியாதை வந்திருக்கும். முடியவில்லை.

கமா கணினியைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பினாள். மூன்று சிடி காத்திருக்கிறது. பார்த்தால், அவள் முன்னால் ஒரு வரிசை நின்றது. ஓட்டுநர் பள்ளிக்காரர் முதல் ஆள். கை கூப்பியிருந்தார்.

"அம்மா, உங்க விரலால ஒரே ஒரு தடவை என் பொத்தானை அமுக்குங்கம்மா. உங்க கை பட்டா..."

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கமா அவருடைய கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, அவர் கணினியின் பொத்தானிலேயே வைத்தாள்.

"இந்த விரல் உங்களோடதுதானே? அமுக்குங்க. அப்புறம் வீட்டுக்குப் போய், மேசைக் காலுக்கடியில என்ன இருக்குன்னு பாருங்க."

வியாழக்கிழமை மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்குப் பன்னிரண்டு சிடியும் அலுவலகம் போய்ச் சேர்ந்தன. மேற்பார்வையாளர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கமாவே காணோம்?" என்றார். "மூச்சு வாங்காம கேட்டேங்க," என்றாள் அவள்.

அந்தக் கூடத்தின் பெரிய திரை இன்னும் சுவரிலேயே இருக்கிறது. பிராசசர் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று அது தினம் தினம் எல்லோருக்கும் காட்டியது. அதை அண்ணாந்து பார்த்த தலைகளுக்குள் இருந்தது எத்தனை சதவீதம் உழைத்தது என்று மட்டும் காட்டவில்லை. காட்டியிருந்தால் கோடு தரையை விட்டு எழுந்திருக்காது. அதற்கு எந்தப் பழுதும் இல்லை, யாரும் ஊதவும் வேண்டாம், பயன்படுத்தினால் போதும்.